லயத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள கரையோரச் சமவெளியில் மூன்று ஆய்வு நிலையங்கள் இயங்குகின்றன. ஜெண்டராட்டா தோட்டத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் ஆய்வுத் துறை செம்பனை, தென்னை விதைகளை மேம்படுத்துகிறது. மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டியின் ஹிலிர் பேராக் நிலையம் தென்னையை ஆராய்கிறது. மலேசியச் செம்பனை வாரியத்தின் நிலையம், மலாயில் காம்புட் எனப்படும் சதுப்புக் கரிமண்ணில் செம்பனை எப்படி வளர்கிறது என்று பார்க்கிறது. ஒரு சிறு நகரத்துக்கு இது அரிய சொத்து. இதே சமவெளியில்தான் நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே சைக்கிள் மிதித்துப் போகிற தூரம்தான். அந்தத் தூரத்தைப் படிப்பின் வழியாகக் கடக்கத் தலைமுறைகள் பிடித்தன. இளங்கலை அறிவியல் மாணவரின் ஆய்வு எவ்வளவு தேறும் என்பதைத் தீர்மானிப்பது எது என்று கேட்டால், மதிப்பெண், உழைப்பு, கருவி வசதி, நல்ல பேராசிரியர் என்று சொல்கிறோம். எல்லாமே வேண்டியவைதான். இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது ஒன்று உண்டு என்பது என் வாதம்: ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கக்கூடியவராக அந்த மாணவரை இந்த உலகம் எந்த வயதில் ஏற்றுக்கொண்டது என்பது. தெலுக் இந்தான் அமைந்துள்ள ஹிலிர் பேராக் மாவட்டத்தின் கடந்த காலம் இதற்கு நல்ல சாட்சி. அங்கே அளக்கிற வேலை ஒருவருக்கும் கேட்கிற உரிமை வேறொருவருக்கும் என்று நெடுங்காலம் பிரிந்து கிடந்தது.

கோலாகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ 1877இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளிலிருந்து பேராக்கின் பால்மரக் கதை தொடங்குகிறது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்கு, அன்றைய பெயரில் தெலுக் ஆன்சனுக்கு, இரயில் பாதை வந்தது. ஆற்றுத் துறைமுகமும் இரயிலும் சேர்ந்த ஊரில் தோட்டம் போட முதலாளிகள் வருவது இயல்பு. சயாமில் பொறியியலாளராக இருந்த டென்மார்க்காரர் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் 1906இல் ஜெண்டராட்டாவைத் தொடங்கினார். காட்டை அழித்து, வடிகால் வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்த உழைப்பில் பெரும்பங்கு கங்காணிகள் திரட்டி வந்த தமிழர்களுடையது. ரப்பர் ஆய்வு என்ற ஒன்றும் அந்த உழைப்பின் மேல்தான் கட்டப்பட்டது. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் உருவாகி, பின்னர் சுங்கை பூலோவில் பரிசோதனைத் தோட்டம் அமைத்தது. ஒரு மரவகை நல்லதா என்று சொல்வதற்கு ஒவ்வொரு மரத்தின் பாலையும் ஆண்டுக்கணக்கில் தனித்தனியே எடை போட வேண்டும். பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது, எந்தச் சாய்வில் உளியை இழுப்பது, விடியலில் எத்தனை மணிக்குச் சீவினால் பால் நன்றாக ஓடும் என்பதெல்லாம் எண்ணாக ஏட்டில் ஏறுவதற்கு முன்னால் ஒருவருடைய மணிக்கட்டில் இருந்தாக வேண்டும். உலகெங்கும் பரவிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரவகைக்குப் பின்னால் இத்தகைய பல்லாயிரம் காலைகள் உண்டு. அறிக்கையில் கையெழுத்திட்டவர்கள் ஐரோப்பிய அறிவியலாளர்கள். மரம் சீவியவரைக் குறிக்க அந்த அறிக்கைகளில் ‘பால்வெட்டுத் தொழிலாளர்’ என்ற பொதுச்சொல் போதுமானதாக இருந்தது.

இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமானது என்பதை 1928 என்ற ஒரே ஆண்டை வைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் கோடை விடுமுறையைக் கல்கத்தாவில், தம் சித்தப்பா சி. வி. ராமன் பணியாற்றிய ஆய்வுக் கழகத்தில் கழித்தார். அப்போது எழுதிய கட்டுரை இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸில் வந்தது. இலையுதிர் காலத்தில் ஜெர்மானிய அறிஞர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது இந்த மாணவர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய்ச் சந்தித்தார். தாம் பாடமாகப் படித்திருந்த அணுக்கொள்கை அதற்குள் பழசாகிவிட்டது என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. சோமர்ஃபெல்டு இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படிகளைக் கையில் கொடுத்தார். சில மாதங்களில் சந்திரசேகர் அதிலிருந்த புதிய புள்ளியியல் முறையை வைத்து ஒரு கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் இருந்த இயற்பியலாளர் ஃபவுலருக்கு அனுப்பினார். 1929இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது வெளியானது. எழுதியவருக்கு வயது 18. அதே 1928இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது. இயற்பியல், வேதியியல், கணிதம் அங்கே கற்பிக்கப்பட்டன. கொடுக்கப்பட்டதோ பட்டயம், பட்டமல்ல. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகை. வாத்தியார் பல நேரம் கங்காணியோ தோட்ட எழுத்தரான கிராணியோ. எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அடுத்த வகுப்பு என்பது பெரும்பாலும் விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம்தான்.

சந்திரசேகர் மேதை, மேதையை வைத்துப் பொதுவிதி எழுதலாமா என்ற மறுப்பு உடனே எழும். மேதைமையை நான் மறுக்கவில்லை. அந்த 18 வயதுக் கட்டுரையின் உதிரிகளைப் பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? இரயில்வே கணக்குத் துறை அதிகாரியான தந்தை, நோபெல் பரிசை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சித்தப்பா, ஒரு கோடைக்காலம் முழுக்க ஆய்வுக்கூட வாசம், உலகின் முன்னணி அறிஞர் கையிலிருந்து நேராக வந்த அச்சுப்படிகள். இந்த நான்கில் எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை. இதைவிட வலுவான எதிர்ச்சான்று ராமனே. அவர் மாணவராக 1906இல் பிலசாஃபிகல் மேகசினில் எழுதிய ஒளிவிளிம்பு விலகல் கட்டுரைக்கு வழிகாட்டி என்று யாரும் இல்லை, தனியாகச் செய்தார். ஆனால் அவர் தந்தை கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜோன்ஸ் அவரை வகுப்புக்குக் கட்டிப்போடாமல் ஆய்வுக்கூடத்தில் விருப்பப்படி வேலை செய்ய விட்டார். வழிகாட்டல் இல்லை, அனுமதி இருந்தது. கேட்பவன் என்ற தகுதியை வீடு ஒருமுறையும் கல்லூரி ஒருமுறையும் வழங்கிவிட்டன. அதே மூளை ஒரு லயத்து வீட்டில் பிறந்திருந்தால் அதன் பார்வைக்கு எவ்வளவோ கிடைத்திருக்கும்; பால் பிடிக்கும் மங்கில் வடிந்த பால் ஏன் உறைகிறது, மழைநாளில் ஏன் நீர்த்துப்போகிறது என்று அது கேட்டும் இருக்கும். கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் இருந்திருக்கமாட்டார்.

இன்னொரு மறுப்பு தெலுக் இந்தானிலிருந்தே வருகிறது. தமிழர்களிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் ஆனார்களே, அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தானே என்கிறார்கள். உண்மை. அவர்கள் வந்தது எழுத்தராக, இரயில்வே ஊழியராக, ஆங்கிலம் கற்ற பிறகு. அவர்கள் குடியிருந்தது நகரத்தில். தெலுக் ஆன்சன் இரயில் முனையத்து ஊர். அங்கே மெதடிஸ்டுகள் நடத்திய ஆங்கிலோ சீனப் பள்ளி இருந்தது, பின்னாளில் ஹார்லி மெதடிஸ்ட் பள்ளி என்று பெயர் பெற்றது அதுவே. நிலைய எழுத்தரின் மகன் நடந்தே பள்ளிக்குப் போனான். தோட்டத்துப் பிள்ளைக்கு அதே பள்ளி லாரியும் பள்ளிச் சம்பளமும் ஆங்கிலமும் கேட்கிற தூரத்தில் இருந்தது. இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ், ஊர் ஒன்று, கோயில்கூட ஒன்றாக இருந்திருக்கலாம். வேறுபாடு அறிவில் இல்லை, பள்ளியின் வாசலுக்கு எத்தனை மைல் என்பதில் இருந்தது. இந்த உதாரணம் என் வாதத்தை உடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதைவிடத் தெளிவாக அதை எடுத்துக்காட்ட என்னால் முடியாது.

பயிர்களை நம்பி வாழ்ந்த இந்த நாட்டில் தாவரவியலுக்கென்று ஒரு பல்கலைக்கழகத் துறை 1949இல் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்த பிறகுதான் வந்தது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் அதன் முதல் பேராசிரியர். அதுவரை இந்த மண்ணின் செடிகொடிகளைப் பற்றி இந்த மண்ணின் மாணவர்கள் பட்டப்படிப்பில் ஆராய இடமே இல்லை. 1959இல் கோலாலம்பூர் வளாகம் வந்தது. இயற்பியலாளர் டிராக்கிடம் பயின்ற யாழ்ப்பாணத்து அறிஞர் எலியேசர் அங்கே கணிதப் பேராசிரியரானார். ஆக, உச்சியில் ஒரு தமிழர் இருந்தார். அடியில் தோட்டத்துப் பிள்ளை இன்னும் ஆறாம் வகுப்பைத் தாண்டிப் புகுமுக வகுப்பு என்ற ஓர் ஆண்டைக் கடந்தாக வேண்டியிருந்தது, ஏனென்றால் 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் தமிழில் இடைநிலைப்பள்ளி இல்லை. தமிழ்ப்பள்ளியில் ‘உராய்வு’ என்று படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் அதையே ‘கெசெரான்’ என்று மறுபடி படித்தது. பல்கலைக்கழகத்தில் வாசிக்க வேண்டிய ஆய்விதழ்களில் அது ‘ஃபிரிக்‌ஷன்’. ஆங்கிலப் பள்ளிகள் 1970 தொடங்கி வகுப்பு வகுப்பாக மலாய்க்கு மாறி, 1983இல் அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தை எட்டியது; 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, சில ஆண்டுகளில் அதுவும் திரும்பப் பெறப்பட்டது. தாய்மொழியில் தொடங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாக்களில் செய்து காட்டும் பரிசோதனைகளைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். கேள்வி ஒரு மொழியில் பிறந்து, பாடம் இன்னொரு மொழியில் நடந்து, அறிக்கை மூன்றாவது மொழியில் எழுதப்படும்போது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் மாணவர் தம் சொந்தக் கேள்வியைக் கொஞ்சம் இழக்கிறார். கடைசியில் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆசிரியரின் கேள்விதான்.

இந்தப் பகுதியின் மண்ணும் மரமும் இளங்கலை மாணவருக்கு எவ்வளவு பொருத்தமான கேள்விகளைக் கொடுக்க வல்லவை என்பதற்குக் கூகையைச் சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் எலித்தொல்லை பெரிது. பழக்குலையைக் கடித்துத் தின்றுவிடும். 1960களின் கடைசியில் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூகை கூடு கட்டியது கவனிக்கப்பட்டது. 1970களில் ஜே. இ. டக்கெட் என்ற தோட்டக்காரர் ‘தி பிளாண்டர்’ இதழில் இந்தப் பறவை எலியைக் கட்டுப்படுத்தும் என்று எழுதினார். பிறகு கிரஹாம் லென்டன் மலாயாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார். பெட்டிக் கூடுகள் தோட்டந்தோறும் ஏறின. இந்த ஆய்வின் அடிப்படைச் செயல் மிக எளிது. கூகை செரிக்க முடியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூட்டுப் பெட்டிக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்துப் பிரித்தால், உள்ளே எலித் தாடைகள். எண்ணினால் அது எத்தனை எலி தின்றது என்று தெரியும். பல்லைப் பார்த்தால் எந்த வகை எலி என்று தெரியும். விலையுயர்ந்த கருவி வேண்டாம், ஓர் இடுக்கியும் பொறுமையும் போதும். இருபது வயது மாணவர் இரண்டு பருவத்தில் முடிக்கக்கூடிய, முடித்தால் உண்மையிலேயே புதிதாக ஒன்றைச் சொல்லக்கூடிய ஆய்வு அது. அந்தப் பெட்டிகளுக்குக் கீழே ஒவ்வொரு நாளும் நடந்தவர்கள் வெளிக்காட்டு வேலையாட்கள். எந்தப் பெட்டியில் குஞ்சு இருக்கிறது, எந்த வரிசையில் எலி அதிகம் என்று எந்த ஆய்வாளரையும்விட முதலில் தெரிந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைக்கு அந்த அறிவு வீட்டுச் சொத்தாக வந்திருக்க வேண்டும்.

செம்பனைப் பூவின் கதை இதைவிடக் கூர்மையானது. செம்பனை காற்றால் மகரந்தச் சேர்க்கை பெறும் மரம் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்களில் அது சரியாக நடக்காததால் கையாலேயே பூத்தூள் தூவினார்கள். பெரும்பாலும் பெண்கள், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை வரிசை வரிசையாகப் போய், மட்டை இடுக்கில் எந்தப் பெண்பூங்குலை விரிந்திருக்கிறது என்று முள்ளுக்குள் கைவிட்டுப் பார்த்து, முகப்பூச்சு மாவோடு கலந்த மகரந்தத்தை ஊதுவார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய், அங்கே அந்த வேலையைச் செய்வது காற்றல்ல, ஒரு சிறு மூக்கு வண்டு என்று கண்டார். 1981 பிப்ரவரியில் அந்த வண்டு மலேசியாவில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் கையால் தூவும் வேலையே இல்லாமல் போனது. நாட்டின் எண்ணெய் உற்பத்தியையே உயர்த்திய கண்டுபிடிப்பு அது, அதன் பெருமை சையத்துக்கு உரியது. ஆனால் எந்தப் பூங்குலை காய் பிடிக்கிறது, எது பொக்காகிறது, மழைக்காலத்தில் எப்படி மாறுகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்களிடம் இருந்தது கூர்ந்த கவனிப்பு. இல்லாதது அதைக் கேள்வியாகப் பதிவுசெய்யும் ஏடு. ஒரு சமூகம் அறிவியலில் எவ்வளவு தருகிறது என்பதைப் பட்டதாரி எண்ணிக்கையை வைத்து மட்டும் அளப்பவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

1969ஆம் ஆண்டு இந்தக் கதையில் ஒரு திருப்பமாகியிருக்கலாம். மார்டியும், பினாங்கில் பின்னாளில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யு.எஸ்.எம்.) ஆன பல்கலைக்கழகமும் அதே ஆண்டில் தோன்றின. அதே ஆண்டில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மார்கரெட் மக்விகார் இளங்கலை மாணவர்களை முதலாண்டிலேயே பேராசிரியர்களின் ஆய்வில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். மாணவருக்குச் சம்பளமோ மதிப்பெண்ணோ உண்டு. கடைசி ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதன் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: சீக்கிரம் தொடங்குபவர், ஒரு பருவத்துக்கு மேல் ஒரே ஆய்வில் நீடிப்பவர் அதிகம் பயன் பெறுகிறார். மலேசியாவில் 1969 வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. மே 13 இனக்கலவரத்துக்குப் பின் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையில் பல்கலைக்கழக இடங்கள் ஒதுக்கீட்டுக்கு உள்ளாயின. இடம் அரிதானபோது கிடைத்ததைப் பிழைப்பாக மாற்ற வேண்டும் என்ற நெருக்கடி தமிழ்க் குடும்பங்களில் கூடியது. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று பிள்ளைகளைத் திருப்பினார்கள். பணம் திரட்டி இந்தியாவுக்கும் அனுப்பினார்கள். தூய அறிவியல் பட்டம் என்பது வேறு கிடைக்காதவருக்கு மிஞ்சியது என்ற எண்ணம் வேர்விட்டது. இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், லயத்தைக் காலிசெய்து நகரத்து ஓரங்களுக்குப் பெயர்ந்த குடும்பம், பயனுக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டிய ஒரு படிப்பில் மகளைச் சேர்க்கத் துணிவது எளிதல்ல.

இப்போது காலம் மாறிவிட்டது, ஆய்விதழ்களைக் கைப்பேசியிலேயே படிக்கலாம், இன்னும் பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். பாதி சரி. தெலுக் இந்தானிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேடுகள் இணையத்தில் எவரும் படிக்கும்படி வைக்கப்படுகின்றன. வசதி வந்திருக்கிறது. ஆனால் இறுதியாண்டு ஆய்வு பெரும்பாலும் இரண்டு பருவம்தான். முதல் பருவத்தில் தலைப்பைப் புரிந்துகொள்ளவே பாதிக் காலம் போகிறது. தலைப்புகள் பொதுவாக விரிவுரையாளரின் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. அரசின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். கடனில் படித்து, வார இறுதியில் கடையில் வேலை பார்க்கும் மாணவருக்கு ஆய்வுக்கூடத்தில் கூடுதலாக ஒரு சனிக்கிழமை என்பது கூலி இழப்பு. வீட்டில் ஏற்கெனவே பட்டதாரிகள் உள்ள மாணவர் விரிவுரையாளரின் கதவைத் தட்டி ‘என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது’ என்று சொல்லத் தயங்குவதில்லை. வீட்டின் முதல் பட்டதாரிக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று ஆண்டுகள் தேவைப்படலாம். 2006இல் நான்கு பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்ட பிறகு கட்டுரை எண்ணிக்கை மீது அழுத்தம் கூடியது. மாணவரின் பெயரும் அதில் ஒட்டிக்கொண்டு வரலாம். அப்படி வருகிற பெயரை விளைச்சல் என்று நான் எண்ணமாட்டேன். பால் எடை போட்டவரின் பெயர் இப்போது அறிக்கையில் ஏறுகிறது, அவ்வளவுதான். கேள்வி இன்னும் மேலிருந்தே வருகிறது.

இளங்கலை மாணவர் கற்க வந்தவர், அவரிடம் விளைச்சல் எதிர்பார்ப்பதே தவறு என்றும் ஒரு வாதம் உண்டு. அவசரப்பட்டு அச்சேறும் கட்டுரைகளைப் பார்க்கும்போது அதில் நியாயம் தெரிகிறது. ஆனால் கூகையின் உருண்டையைப் பிரிப்பவர் கற்கிறாரா, ஆராய்கிறாரா என்று எப்படிப் பிரிப்பது? எண்ணி முடிக்கும்போது அவரிடம் இருக்கும் எண் இதற்கு முன் உலகில் இல்லாதது. அந்த எண் தம் சொந்த ஊரின் தோட்டத்தைப் பற்றியது என்றால், அவருக்கு முன்னரே தெரிந்த ஒன்று அவருடைய ஆய்வுக்குள் நுழைந்திருக்கிறது. தமிழ் தெரிந்த மாணவர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய ஆய்வுகளும் ஹிலிர் பேராக்கில் உண்டு. வண்டு வருவதற்கு முன்னால் பூத்தூள் தூவியவர்களிடம், எந்த மாதம் எந்தப் பூ, எந்த மண்ணில் எப்படிக் காய்த்தது, ஆண்பூவின் வாசனைக்கு எந்தப் பூச்சி வந்தது என்று உட்கார்ந்து கேட்டு எழுதுவது அவற்றில் ஒன்று. பூச்சியியலுக்கும் சூழலியலுக்கும் அது சான்று. 1980இல் இருபது வயதில் அந்த வேலைக்குப் போன பெண்ணுக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோட்டத்தை விட்டு வந்து, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ, ஏதோ ஒரு தாமான் குடியிருப்பில் இருப்பார். அவருடைய பேத்தி பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.